எரியாத கட்சி – அத்தியாயம் 11: வலது காதுப் பக்கம்

போன வாரம் சதீஷையும் அவன் மனைவி யோகப்பிரியாவையும் மூணாறு பஸ் நிலையத்தில், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி நிற்கவைத்துவிட்டு வந்தோம். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருகிறவர்கள் இப்படியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள் என்று நீங்கள் கேட்டால், கேள்வி நியாயம்தான். காரணம் இந்த வாரம் தெரிந்துவிடும். தெரியாமலே போயிருக்கலாம் என்று பிறகு தோன்றினால் என்னைத் திட்டாதீர்கள். சதீஷின் அண்ணன் மாரீஸ்வரனைத் திட்டுங்கள். அவனும் அதைத்தான் விரும்புவான்.

சின்னக்கானலுக்கு மேலே, சதீஷ் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் இன்று காமன் எரிப்பு.

மாசியில் பிறை கண்டதும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் கரும்பும் ஆமணக்கும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் கட்டி ஒரு கம்பம் நடுவார்கள். அதுதான் மன்மதன். பௌர்ணமியன்று அதை எரிப்பார்கள். மூன்றாம் நாள் பாட்டுப் பாடி எழுப்புவார்கள். எரிப்பதற்கு முன்னால் லாவணி நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை, ரதியின் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறான் என்று மறு கட்சி பாடும். ஒருவர் முடிக்கிற கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தொடங்க வேண்டும். பிடிக்காமல் வாயடைத்து நின்றால் தோல்வி.

நடுவில் கேலி உண்டு, ஏச்சு உண்டு, வம்சத்தையே இழுப்பதும் உண்டு. பொட்டலில் பாடியதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சண்டை போடக் கூடாது. அதேபோல வீட்டில் நம்பிச் சொன்னதை யாரும் பொட்டலுக்குக் கொண்டுவந்து பாடக் கூடாது. இந்த இரண்டாவதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து சட்டி பானையோடு மலையேறி வந்தவர்கள் இந்தப் பாட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துரைக்கு இந்தச் சத்தம் பிடிக்காது. வருடத்தில் ஒரு ராத்திரிதானே, தொலையட்டும் என்று விட்டுவைத்தான். துரை கப்பல் ஏறினான், கம்பெனி கைமாறியது, சத்தம் மட்டும் நின்றபாடில்லை. இப்போது அந்த ராத்திரியையும் பிடுங்கிக்கொண்டது யானை. இருட்டினால் பொட்டல் அதற்குச் சொந்தம். அதனால் லாவணி சாயங்காலத்துக்கு வந்துவிட்டது.

மாரீஸ்வரன் எரிந்த கட்சி. சதீஷ் எரியாத கட்சி. அப்பா பெரியமுத்து உயிரோடு இருந்தபோது, எதிர்த்துப் பாட ஆள் கிடைக்காமல், இளையவனை எதிர்க்கட்சியில் சேர்த்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், புராணம் முழுக்க எரிந்த கட்சியின் பக்கம். கூட்டம் முழுக்க, புருஷனைப் பறிகொடுத்து அழுகிற ரதியின் பக்கம். வருடா வருடம் மாரீஸ்வரன் நியாயத்தைப் பாடுவான், சதீஷ் கைதட்டலை வாங்கிக்கொண்டு போவான்.

சதீஷ் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போன பிறகு எதிரே நின்றது காளிச்சாமி. பாவம், அவனுக்குக் குரல் உண்டு, சொல் வராது. மூன்று வருடமும் மாரீஸ்வரன்தான் ஜெயித்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்கு ஜெயிக்கிற ருசி அப்போதுதான் தெரிந்தது. கண்ட ருசி லேசில் விடுமா?

காலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயடியில் சதீஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தான். மஞ்சள் காப்பு மணிக்கட்டில் புதிதாக இருந்தது. நேற்று வந்து இறங்கியதும் கட்டியது. காப்புக் கட்டிய இரண்டு பாட்டுக்காரர்கள் காமனை எழுப்பும் வரை ஒரே அடுப்பில் சாப்பிடக் கூடாது என்பது கட்டுப்பாடு. அண்ணன் வீடு இருக்க, சதீஷுக்குப் பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள்தான் சோறு போடுகிறாள்.

"டேய்! நேத்து வந்தவன் எட்டிக்கூடப் பாக்கல. சாப்புடத்தானடா கூடாது, பேசக் கூடாதுன்னா சொல்லிருக்காக?" என்று மாரீஸ்வரன் பின்னாலிருந்து கேட்டான்.

சதீஷ் திரும்பவில்லை. வாயைக் கொப்பளித்தான்.

"பாலக்காட்டுக் காத்துப் பட்டதும் அண்ணன் கண்ணுக்குத் தெரியலையோ?"

சதீஷ் முகத்தைக் கழுவினான். மாரீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. கிட்டே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான். சதீஷ் தூக்கிவாரிப் போட்டவனாகத் திரும்பி, அண்ணனைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கர்வம் எதுவும் இல்லை.

"இந்தப் பக்கம் வந்து பேசுண்ணே," என்று அண்ணனின் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தான்.

"ஏன், அந்தப் பக்கம் என்ன கெரகம் புடிச்சிருக்கு?"

சதீஷ் சுற்றிலும் பார்த்தான். பெண்கள் யாரும் குழாயடிக்கு இன்னும் வரவில்லை.

"அந்தக் காது போயிருச்சுண்ணே. இந்தக் காதும் பாதிதான்."

மாரீஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தம்பியின் வலப்பக்கமாக நகர்ந்து நின்றான்.

"தகரத்த அடிச்சு வளைக்கிற மிசின்ல நிக்கிறேன்ல. காதுல மாட்டிக்கிறதுக்குக் குடுக்கத்தான் செஞ்சாக. நான்தான் மாட்டல."

"ஏன்டா?"

சதீஷ் கொஞ்சம் வெட்கப்பட்டான். "அது அடிக்கிற அடி நம்ம டேப்பு அடிக்கிற மாதிரியே இருக்கும்ணே. தக்குத் தகதக்குன்னு. ஷிப்டு முழுக்க அதுக்கு ஏத்தாப்புல பாட்டு கட்டிக்கிட்டே நிப்பேன். காத மூடிட்டா தாளம் கேக்காதுல்ல?"

டேப்பு என்பது லாவணிக்காரன் கையில் வைத்து அடிக்கும் ஆட்டுத்தோல் வாத்தியம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், ஊரும் பொட்டலும் இல்லாத இடத்தில், இரும்பு மிஷினையே டேப்பாக வைத்துக்கொண்டு பாடியிருக்கிறான். வேறு யாருக்காவது இப்படி ஒரு கிறுக்குப் பிடிக்குமா?

"யோகாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிராத. அவ அப்பா சென்னிமலை மாமா ஆளப் புடிச்சு வாங்கிக் குடுத்த வேல. மலையில கெடந்தது போதும், கீழ வான்னு கூப்புட்டவ அவ. தெரிஞ்சா தன்னாலதான்னு உருகிப் போயிருவா. நான் என்னமோ கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நெனச்சுட்டுப் போகட்டும்."

"இந்தக் காத வச்சுக்கிட்டு எதுக்குடா பொட்டல்ல எறங்குற?"

"அடுத்த மாசிக்கு இந்தக் காதும் இருக்குமோ என்னமோ. அதுக்குள்ள ஒன்னோட ஒருக்கப் பாடிட்டுப் போறேன். நீ ஒன்னே ஒன்னு செய்யி. என் வலப்பக்கம் நில்லு. கடைசி வார்த்தைய என் மூஞ்சியப் பாத்து, வாயத் தெறந்து, கொஞ்சம் இழுத்துப் பாடு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

மாரீஸ்வரன் காப்புக் கட்டிய கையைத் தம்பியின் தலையில் வைத்தான். "இது என் கட்டையோடதான் போகும்டா. போதுமா?"

"போதும்ணே," என்று சதீஷ் சின்னப் பையன் போலத் தலையாட்டினான்.

அந்த நேரத்தில் அண்ணன் சொன்னது சத்தியமான வார்த்தை. மாரீஸ்வரன் கெட்டவன் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மத்தியானம் வாசலில் வறட்டி மூட்டி டேப்புத் தோலைச் சூடு காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தான் மாரீஸ்வரன். உள்ளே அடுப்படியில் அவன் மனைவி கற்பகம் பயறு அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யோகப்பிரியா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வேலந்தாவளத்துப் பக்கம் பிறந்த பெண். லயத்துக்காரர்களுக்கு அவள் பேச்சைக் கேட்டால் கோயமுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

"ஏனுங்க்கா, நானு என்ன தப்புப் பண்ணிப்போட்டனுங்க?" என்று அவள் திடீரென்று கேட்டாள்.

"என்ன தாயி இப்பிடிக் கேக்குற?"

"எது சொன்னாலும் அவரு காதுலயே வாங்கறதில்லீங்க்கா. நாம்பாட்டுக்குப் பேசீட்டே இருக்கறன், அவரு செவுத்தப் பாத்துட்டு இருக்கறாரு. பஸ்ஸுல வாரப்ப வாந்தி வருதுங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்றன், சன்னல்ல வேடிக்கை பாக்கறாருங்க. அப்பறம் நானே எந்திரிச்சுப் போயி டிரைவர்கிட்டச் சொன்னனுங்க."

கற்பகம் சிரித்தாள். "அட, ஆம்பளைக அம்புட்டுப் பேரும் இந்தச் சாதிதான். இவுகளுக்கு மட்டும் என்னவாம்? வெறகு ஒடைங்கன்னா கேக்காது. ஜோபி கடையில டீ போட்டாச்சுன்னு யாரோ ரோட்டுல சொன்னா கேட்டுரும்."

யோகப்பிரியா சிரிக்கவில்லை. துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"பிரியமில்லைன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டாத் தேவலைங்க்கா. இப்பிடி ஆளு இருக்கறப்பவே இல்லாத மாதிரி நடத்துனா நானு என்னங்க பண்றது? நோம்பி முடியட்டும். நானு அக்கட்டாலயே எங்கம்மா ஊட்டுக்குப் போயர்றதுன்னு இருக்கறனுங்க. அவருகிட்டச் சொல்லலீங்க. சொன்னாலும் கேக்கவா போறாரு?"

வாசலில் மாரீஸ்வரனின் கை நின்றது. தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் டேப்பை நெருப்பிலிருந்து எடுத்தான்.

எழுந்து அடுப்படி நிலையருகே போனான். அவனைப் பார்த்ததும் யோகப்பிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என்னங்க மாமா? தண்ணி வேணுங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான். தம்பி மனைவியைப் பார்த்தான். தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாயிற்று. ஆனால் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினால் இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"ஒன்னுமில்ல தாயி. சாயந்தரம் பொட்டல்ல முன்னாடி வந்து நில்லு. அவன் பாடுறது நல்லாக் கேக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். அந்த நிலைப்படியில் நின்று, ‘அவனுக்குக் காது கேக்கல தாயி, மனசுல ஒன்னுமில்ல’ என்று சொல்லியிருந்தால் சத்தியம்தான் உடைந்திருக்கும். வேறு எதுவும் உடைந்திருக்காது. நல்ல காரியத்துக்காக உடைக்க வேண்டிய நேரத்தில் அதைப் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொண்டான் மாரீஸ்வரன்.

சாயங்காலம் பொட்டலில் நிற்க இடமில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் உடும்பஞ்சோலை ஏலக்காட்டிலிருந்தும் ஜீப்பில் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாம் சதீஷ் வந்துவிட்டான் என்ற செய்தி செய்த வேலை. காட்டிலாகா வாச்சர் ஜின்சன் டார்ச் லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தான்.

"இருட்டறதுக்கு முன்பு தீக்கொளுத்தி எல்லாரும் வீட்டில் கேறணும், கேட்டோ. ஆனை ரெண்டும் அந்தச் சைடிலுண்டு."

"ஒங்க ஆனைய எங்க கட்சியில சேத்துக்கிறோம் சாரே!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

மாரீஸ்வரன் போய்த் தம்பியின் வலப்பக்கம் நின்றான். வழக்கமாக எதிரெதிரே நிற்பவர்கள் பக்கம் பக்கமாக நிற்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். அண்ணன் தம்பி பாசம் பொங்குகிறது என்று காளிச்சாமி ஒரு விளக்கம் சொன்னான். அவன் இந்த வருடம் சதீஷுக்குப் பின்பாட்டு, இடப்பக்கம் நின்றிருந்தான்.

டேப்பு முழங்கியது. மாரீஸ்வரன் தொடங்கினான்.

"நெத்திக் கண்ணு தெறந்த பின்னே நெருப்பு நின்னு பாக்குமா?
பத்திக்கிட்ட மதனுடம்பு சாம்பலாகத் தப்புமா?"

‘தப்புமா’வைத் தம்பியின் முகத்தைப் பார்த்து, வாயை அகலத் திறந்து, மெதுவாக இழுத்து விட்டான். சதீஷின் கண் அண்ணனின் உதட்டிலேயே இருந்தது. கண்ணில் ஒரு மின்னல். பிடித்துக்கொண்டான்.

"தப்பு தப்பு சொல்லும் அண்ணே, தணல் எரிச்சது மேனியே!
உப்புக் கண்ணீர் ரதி கண்ணுல ஒளிஞ்சிருக்கான் ஞானியே!"

பொட்டல் அதிர்ந்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த கைதட்டல் அல்லவா! ஞானி என்று அண்ணனைக் கிண்டலாகக் கைகாட்டிய அழகுக்கே கிழவிகள் முகவாயில் கை வைத்தார்கள். முன் வரிசையில் நின்ற யோகப்பிரியாவின் முகம்கூட ஒரு கணம் மலர்ந்தது. வீட்டில் வாய் திறக்காத மனிதனுக்குள் இத்தனை பேச்சு இருக்கிறதா என்று அவள் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரீஸ்வரனுக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. பாதிக் காதை வைத்துக்கொண்டு என் தம்பி என்னமாய்ப் பிடிக்கிறான் என்று பெருமைப்பட்டான். அந்தப் பெருமையோடு நின்றிருக்கலாம்.

பாட்டு வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவன் சொன்ன வாக்குப்படி வேகத்தைக் குறைத்தான், திரும்பி நின்று இழுத்தான். தம்பிக்குக் கைகொடுத்தது அது. ஆனால் கேட்கிற கூட்டத்துக்கு என்ன தெரியும்?

"என்ன மாரி அண்ணே, பேட்டரி எறங்கிருச்சா?" என்று ஒரு குரல் வந்தது.

"அண்ணனுக்குத் தூக்கம் வருது, பாயி கொண்டாங்கப்பா!"

மாரீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டான். கற்பகம் நிற்கும் இடத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக ஜெயித்து வந்தவனின் மனைவிக்கு இன்று அவமானமாக இருந்தது. அவள் கற்பகம், சாதாரண மனுஷி, இருக்கத்தானே செய்யும்.

இன்னும் இரண்டு அடி, இன்னும் இரண்டு அடி என்று அவன் தாங்கினான். அப்போதுதான் சதீஷ் அதைப் பாடினான். பாட வேண்டியவன்தான். எதிராளியிடம் கண்ணில் படுகிற குறையை எடுத்து வீசாவிட்டால் அது லாவணியே இல்லை. கண்ணில் பட்ட குறை அண்ணன் இழுப்பதுதான்.

"இழுத்து இழுத்துப் பாடுறியே, ஏத்தம் ஏறும் லாரியா?
பழுத்துப் போன தொண்டைக்கொரு பஞ்சர் ஒட்டப் போறியா?"

பாடிவிட்டு அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நமக்குள் உள்ளதுதானே, யாருக்குத் தெரியும் என்கிற சிமிட்டல்.

மாரீஸ்வரன் அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது கற்பகத்தை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்காக இழுத்தேன்? யாருக்காக ஊர் முன்னால் கிழட்டு மாடாக நிற்கிறேன்? செய்த உதவியையே எடுத்து மூஞ்சியில் எறிகிறானே! இந்த இடத்தில் ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தால் போதும். லாவணியில் மூச்சு விட்டால் தோல்வி. விடாமல் பாடியே பழகியவன், டேப்பை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, தம்பியின் பக்கம் முதுகைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து, பழைய வேகத்தில் பொழிந்தான்.

"போறியான்னு கேலி பேசும் புத்திசாலி கேளடா,
ஊருக்காக இழுக்கலே, ஒன் செவிட்டுக் காதுக்குத் தானடா!
மிசினு தின்ன காத வச்சு மேளம் கேக்க வந்தியா?
பொசுக்குன்னு நான் நிறுத்திப்புட்டா பொம்மையாட்டம் நிப்பியா?"

இப்படி ஒரு வரவேற்பை அவன் வாழ்க்கையில் வாங்கியதில்லை. துண்டுகள் பறந்தன. விசில் காதைப் பிளந்தது. "அப்பிடிப் போடு!" என்று எரிந்த கட்சிக்காரர்கள் குதித்தார்கள். தோட்டத்துக்கே தெரியும், சதீஷின் காது பாம்புக் காது. செவிடன் என்று அவனைச் சொன்னதுதான் வேடிக்கையின் உச்சம்.

ஜெயித்த சந்தோஷம் மாரீஸ்வரனுக்கு ஒரு நிமிடம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்வானேன். பிறகு திரும்பினான்.

சதீஷ் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் சிரிக்கிறது, அண்ணன் ஏதோ அபாரமாகப் போட்டுவிட்டான் என்று அவனும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சபாஷ் என்பது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஒரு வார்த்தைகூட அவனுக்குக் கேட்கவில்லை. அண்ணன் இந்தப் பக்கம் திரும்பி அந்தக் கடைசிச் சொல்லைத் தருவான் என்று நம்பிக்கையோடு, அண்ணனின் வாயையே பார்த்தபடி, டேப்பை மெல்லத் தட்டிக்கொண்டு நின்றான்.

மாரீஸ்வரன் டேப்பைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"நிப்பியா! ‘நிப்பியா’ல எடுறா!" என்று காளிச்சாமி இடப்பக்கத்திலிருந்து கத்தினான். சதீஷ் அசையவில்லை. காளிச்சாமி அவன் இடது காதில் வாயை வைத்து மறுபடியும் கத்தினான். பக்கத்தில் ஒருவன் நிற்பதாகக்கூட சதீஷ் காட்டிக்கொள்ளவில்லை.

காளிச்சாமி மெல்ல நகர்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் நிறுத்தினார்கள். பின் வரிசையில் விஷயம் தெரியாமல் யாரோ ஒருவன் மட்டும் கடைசியாக விசில் அடித்தான்.

யோகப்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம், சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம், எல்லாம் இப்போது அவளுக்கு விளங்கியது. அவள் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. கற்பகம் அவள் தோளைப் பிடிக்கப் போனாள், அவள் தள்ளிவிட்டாள். புருஷனிடமிருந்து பார்வையை எடுத்து மாரீஸ்வரனைப் பார்த்தாள். நிலைப்படியில் வந்து நின்றீர்களே, அப்போதே தெரியுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சதீஷ் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. சட்டென்று கையை உயர்த்தி, "மறுபாட்டு!" என்றான்.

கேட்டவனுக்குச் சந்தேகம் இருந்தால் எதிராளியை அதே அடியை மறுபடி பாடச் சொல்லலாம். கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் உரிமை இல்லை.

மாரீஸ்வரன் தம்பியின் வலப்பக்கம் வந்தான். காலையில் சொன்னபடியே முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பாடினான்.

"போறியான்னு கேலி பேசும் புத்திசாலி கேளடா,
ஏத்தம் ஏறும் லாரிக்குத்தான் இழுக்கும் தெம்பு தேவடா!
எறக்கத்துல உருளும் கல்லு எங்க போயிச் சேரும்டா?"

பொட்டலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்பாட்டுக்காரர்கள் தாளத்தை விட்டுவிட்டார்கள். தீப்பந்தம் வைத்திருந்தவன் அதைத் தாழ்த்திக்கொண்டான்.

சதீஷ் கடைசிச் சொல்லைப் பிடித்துவிட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனால் பாடவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். காளிச்சாமியைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான். மனைவியின் முகத்தில் அவன் பார்வை வெகுநேரம் நின்றது.

"நல்ல அடிதாண்ணே," என்றான் அடங்கிய குரலில். "ஆனா இதுக்கு யோகா அழ மாட்டாளே."

"சதீசு..."

"நீ பாடுனது இது இல்ல. அதப் பாடு. நான் கேக்கணும்ல?"

மாரீஸ்வரன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அண்ணன் பாடத்தான் போகிறான் என்று எண்ணி, சதீஷ் வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு இன்னும் ஓரடி கிட்டே வந்து நின்றான்.